டெலஸ்கோப்புக்கு எந்தக் காமிரா?
வானத்தைப் படம் பிடிக்க விரும்புகிறவர்களுக்குச் சில யோசனைகள்

அர்ஜென்டினா நாட்டில் ரொசாரியோ என்று ஒரு நகரம். அந்த ஊர்க்காரர் விக்டர் பூசோ. பூட்டு, சாவி வேலை அவருடைய தொழில். வானத்தைப் பார்ப்பது பொழுதுபோக்கு. வீட்டு மாடியில் ஒரு டெலஸ்கோப் வைத்திருந்தார். அதன் கண்ணாடியின் விட்டம் 40 சென்டிமீட்டர்.

2016-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 20-ந் தேதி இரவு. டெலஸ்கோப்பில் மாட்டுவதற்காக அவர் ஒரு புதுக் காமிராவை வாங்கியிருந்தார். அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். தலைக்கு மேலே எது தெரிந்ததோ, அதைப் படம் பிடிக்கத் தொடங்கினார். அது ஒரு நட்சத்திர மண்டலம். 8 கோடி ஒளி ஆண்டு தூரத்தில் இருப்பது. நகரத்து விளக்கு வெளிச்சம் படத்தைக் கெடுத்துவிடும் என்பதால், ஒவ்வொரு படத்துக்கும் 20 விநாடிதான் கொடுத்தார்.

முதலில் எடுத்த படங்களில் விசேஷம் ஒன்றும் இல்லை. சிறிது நேரம் கழித்து எடுத்த படங்களில், அந்த மண்டலத்தின் ஓரத்தில் ஒரு புதிய புள்ளி தெரிந்தது. அடுத்த படத்தில் அது இன்னும் பிரகாசமாயிற்று. அதற்கடுத்த படத்தில் இன்னும் அதிகம்!

அது என்ன தெரியுமா? ஒரு நட்சத்திரம் வெடித்துச் சிதறிய முதல் ஒளி! வெடித்து முடிந்த நட்சத்திரங்களை விஞ்ஞானிகள் எவ்வளவோ பார்த்திருக்கிறார்கள். வெடிக்கிற கணத்தைப் படம் பிடிப்பது மிக மிக அரிது. அப்படி ஒருவருக்கு வாய்ப்பது கோடியில் ஒன்று என்று கணக்கிட்டார்கள். ஹவாய்த் தீவில் உள்ள ராட்சத டெலஸ்கோப்கள் கூட அந்தப் பக்கம் திரும்பின. 2018-ம் ஆண்டு பிப்ரவரியில், உலகப் புகழ் பெற்ற ‘நேச்சர்’ விஞ்ஞானப் பத்திரிகையில் அந்த ஆராய்ச்சி வெளிவந்தது. கட்டுரை ஆசிரியர்களில் பூசோவும் ஒருவர்!

காமிராவைச் சோதித்துப் பார்த்தவருக்குக் கிடைத்த பரிசு இது.

நம் ஊரிலும் இன்று பலர் டெலஸ்கோப் வாங்குகிறார்கள். சந்திரனையும், சனி கிரகத்தின் வளையத்தையும் பார்த்து மகிழ்கிறார்கள். அடுத்தபடி, “இதைப் படம் எடுத்தால் என்ன?” என்ற ஆசை பிறக்கிறது. கடைக்குப் போகிறார்கள். ஒரு வருட சேமிப்பைக் கொட்டி ஒரு காமிராவை வாங்கி வருகிறார்கள். மாட்டிப் பார்த்தால், சனி கிரகம் குண்டூசி முனை மாதிரி தெரிகிறது! அல்லது, படமே தெளிவாக விழ மறுக்கிறது. காமிராவும் டெலஸ்கோப்பும் பரணுக்குப் போய்விடுகின்றன.

இந்த ஏமாற்றம் ஏன்? காமிரா மட்டமானதா? இல்லை. அந்த வேலைக்கு அந்தக் காமிரா பொருந்தவில்லை. அவ்வளவுதான். எது பொருந்தும் என்று பார்ப்போமா?

கண்ணுக்கு இல்லாத சக்தி

முதலில் ஒரு சந்தேகம். கண்ணால் பார்த்தால் போதாதா? காமிரா எதற்கு?

நம் கண் ஒளியைச் சேர்த்து வைப்பதில்லை. பார்த்ததை அப்போதைக்கப்போது மூளைக்கு அனுப்பிவிடுகிறது. காமிரா அப்படி அல்ல. மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிப்பது போல, சொட்டுச் சொட்டாக விழும் ஒளியைச் சேர்த்துக் கொண்டே இருக்கும். ஐந்து நிமிடம் திறந்து வைத்தால், ஐந்து நிமிட ஒளியும் படத்தில் விழும். கண்ணுக்குத் தெரியாதது எல்லாம் அதில் தெரியும்.

1840-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஜான் வில்லியம் டிரேப்பர் என்பவர் சந்திரனைப் படம் பிடித்தார். அவருடைய மகன் ஹென்றி டிரேப்பர், 1880-ம் ஆண்டில் ஓரியன் ஒளி மேகத்தைப் படம் பிடித்தார். அதற்காகக் காமிராவை 51 நிமிடம் திறந்து வைத்திருந்தார்! மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, இங்கிலாந்தில் ஆண்ட்ரு காமன் என்பவர் அதே ஒளி மேகத்தை எடுத்த படத்தில், டெலஸ்கோப்பில் கண் வைத்துப் பார்த்தால் தெரியாத நட்சத்திரங்களும் விழுந்திருந்தன.

நம் நாட்டிலும் இப்படி ஒரு கண்டுபிடிப்பு உண்டு. ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாராய்ச்சி நிலையத்தில், 1988-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் எடுத்த போட்டோவில் ஒரு புதிய சிறு கிரகம் அகப்பட்டது. கணித மேதை ராமானுஜனின் பெயரை அதற்குச் சூட்டினார்கள்.

அந்தக் காலத்தில் படம் பிலிமில் விழுந்தது. பிலிமில் ஒரு குறை. அதன் மீது விழும் ஒளியில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் பதியும். மற்றதெல்லாம் வீண். 1969-ம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்ற இருவர் ஒளியை மின்சாரமாகப் பிடிக்கும் ஒரு சில்லைக் கண்டுபிடித்தார்கள். 2009-ம் ஆண்டில் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சில்லின் வாரிசுகள்தான் இன்றைய காமிராக்களில் இருக்கின்றன. விழும் ஒளியில் நூற்றுக்கு 80 பங்கு கூட இவற்றில் பதியும். அதனால்தான், பெரிய ஆராய்ச்சி நிலையங்கள் ஒரு காலத்தில் செய்த வேலையை இன்று மொட்டை மாடியில் செய்ய முடிகிறது.

எதைப் படம் பிடிக்கப் போகிறீர்கள்?

காமிராக் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “விலை என்ன?” என்பது அல்ல. வீட்டிலேயே உங்களை நீங்கள் கேட்டுக் கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “எதைப் படம் பிடிக்கப் போகிறேன்?”

வானத்தில் உள்ளவற்றை இரண்டு ஜாதியாகப் பிரிக்கலாம். வியாழன், சனி, செவ்வாய் போன்ற கிரகங்கள் ஒரு ஜாதி. இவை பிரகாசமானவை. ஆனால் மிகச் சிறியவை. ஒளி மேகங்களும் நட்சத்திர மண்டலங்களும் இன்னொரு ஜாதி. இவற்றில் பல மிகப் பெரியவை. ஆனால் மிக மங்கலானவை. ஆண்ட்ரோமீடா மண்டலம் வானத்தில் ஆறு சந்திரனை வரிசையாக வைத்த அகலம் இருக்கிறது! மங்கலாக இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை.

சந்திரன் நடுவில் நிற்கிறது. பிரகாசமும் உண்டு; பெரிதாகவும் இருக்கிறது. ஆகவே, எந்தக் காமிராவுக்கும் அது வசப்படும்.

கிரகத்துக்கு ஏற்ற காமிரா ஒளி மேகத்துக்கு ஆகாது. ஒளி மேகத்துக்கு ஏற்றது கிரகத்துக்கு அவ்வளவாக உதவாது. ஒரே காமிராவில் இரண்டையும் சாதிக்க நினைப்பதுதான் முதல் தவறு.

ஒரு சின்னக் கணக்கு

இந்த இடத்தில் சிறிது கணக்குப் போட்டால் பல ஆயிரம் ரூபாய் மிச்சமாகும்.

டெலஸ்கோப்பின் மீது ‘குவிய தூரம்’ என்று ஓர் எண் போட்டிருக்கும். உங்களுடையது 1000 மில்லிமீட்டர் என்று வைத்துக் கொள்வோம். அந்த எண்ணை 110-ஆல் வகுத்தால், காமிராவின் மீது சந்திரன் எவ்வளவு பெரிதாக விழும் என்பது தெரியும். சுமார் 9 மில்லிமீட்டர். ஒரு சட்டைப் பொத்தான் அளவு!

வியாழன் கிரகம்? பூமிக்கு நெருங்கி வரும் காலத்தில் கூட, அதன் பிம்பம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான்!

இப்போது காமிராவைப் பாருங்கள். விலை உயர்ந்த பெரிய காமிராவின் சில்லு 36 மில்லிமீட்டர் நீளம், 24 மில்லிமீட்டர் அகலம். அத்தனை பெரிய இடத்தில் வியாழன் ஒரு தூசி போல விழும். கொடுத்த பணத்துக்கு உங்களுக்குக் கிடைப்பது வெறும் கறுப்பு வானம். கிரகத்துக்கென்றே விற்கும் சிறு காமிராவின் சில்லு சுமார் 5.6 மில்லிமீட்டர் நீளம், 3.2 மில்லிமீட்டர் அகலம். கிரகத்துக்கு இது தாராளம். ஆனால் சந்திரன் முழுவதும் அதில் அடங்காது. துண்டு துண்டாக எடுத்து ஒட்ட வேண்டும்.

அடுத்தது, புள்ளியின் அளவு. காமிராச் சில்லு என்பது லட்சக் கணக்கான ஒளிப் புள்ளிகள் சேர்ந்தது. ஒரு புள்ளியின் அகலத்தை மைக்ரான் கணக்கில் சொல்வார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். புள்ளியின் அளவை 206-ஆல் பெருக்கி, குவிய தூரத்தால் வகுங்கள். ஒரு புள்ளி வானத்தில் எத்தனை விகலையைப் பிடிக்கிறது என்பது வரும்.

விகலை என்றதும் பஞ்சாங்கம் நினைவுக்கு வருகிறதா? அதேதான். ஒரு பாகைக்கு 60 கலை; ஒரு கலைக்கு 60 விகலை. சந்திரனின் அகலம் சுமார் 30 கலை.

புள்ளி 3.76 மைக்ரான், குவிய தூரம் 600 மில்லிமீட்டர் என்றால், விடை சுமார் 1.3 விகலை. ஒளி மேகங்களுக்கு இது பொருத்தம். 1 முதல் 2 விகலை வரை இருந்தால் நல்லது. காரணம், நம் தலைக்கு மேலே உள்ள காற்று சும்மா இருப்பதில்லை. கானல் நீர் போல அசைந்து கொண்டே இருக்கிறது. அதனால் ஒவ்வொரு நட்சத்திரமும் 2, 3 விகலை அகலத்துக்குப் பூத்துப் போகிறது. அதற்குக் கீழே எவ்வளவு பொடிப் புள்ளி வைத்தாலும் புதிய விவரம் கிடைக்காது. கிடைக்கிற கொஞ்ச ஒளியும் பல புள்ளிகளுக்குப் பங்காகி, மங்கிப் போகும்.

ஆகவே, ‘இத்தனை கோடி புள்ளி’ என்ற விளம்பரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். எண்ணிக்கையை விட அளவுதான் முக்கியம்.

கிரகத்துக்கு வேகம்

கிரகப் படத்துக்கு வேறு தந்திரம். காற்று அசைகிறது என்றோமே, அது எப்போதாவது ஒரு கணம் அசையாமல் நிற்கும். அந்தக் கணத்தைப் பிடிக்க வேண்டும். எப்படி? ஒரு விநாடிக்கு 100 படம், 150 படம் என்று எடுத்துத் தள்ள வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் 20 ஆயிரம் படம் சேரும். அவற்றில் நல்லதாகப் பத்தில் ஒரு பங்கைக் கம்ப்யூட்டர் பொறுக்கி எடுக்கும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே படமாக்கிக் கொடுக்கும். இதற்கான புரோகிராம்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்தால் என்ன? வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு முறை சுற்றி விடுகிறது. நீங்கள் படம் எடுத்துக் கொண்டிருக்கும்போதே அதன் முகத்தில் உள்ள கோடுகள் நகர்ந்து விடும்!

ஆகவே, கிரகக் காமிராவுக்குப் பெரிய சில்லு வேண்டாம். வேகம் வேண்டும். படத்தைக் கம்ப்யூட்டருக்கு விரைவாக அனுப்பும் யு.எஸ்.பி. 3 இணைப்பு வேண்டும். குளிர்ச்சி சாதனம் தேவையில்லை. இப்படிப்பட்ட சிறு காமிராக்கள்தான் விலையில் குறைந்தவை. பிம்பத்தைப் பெரிதாக்க ‘பார்லோ’ என்ற லென்சை இடையில் செருகிக் கொள்ளலாம்.

ஒளி மேகத்துக்குப் பொறுமை

மார்கழி, தை மாத இரவில் மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் பக்கத்தில்தான் ஓரியன் ஒளி மேகம் இருக்கிறது. இதை எடுக்கப் பெரிய சில்லு வேண்டும். நீண்ட நேரம் திறந்து வைக்க வேண்டும்.

கல்யாண வீட்டில் படம் எடுக்கும் சாதாரணக் காமிரா இதற்கு உதவுமா? உதவும். லென்சைக் கழற்றிவிட்டு, ஒரு வளையத்தின் மூலம் டெலஸ்கோப்பில் மாட்ட வேண்டும். பகலில் குடும்பப் படம், இரவில் வானம் என்று இரண்டுக்கும் ஆகும். பழைய காமிராவாக இருந்தாலும் குற்றமில்லை.

ஆனால் ஒரு குறை. ஒளி மேகங்களில் நிறைந்திருப்பது ஹைட்ரஜன் வாயு. அது 656 நானோமீட்டர் அலை நீளத்தில் ஆழ்ந்த சிவப்பு ஒளியை வீசுகிறது. சாதாரணக் காமிராக்களில், மனிதர் முகம் இயற்கையான நிறத்தில் விழுவதற்காக ஒரு கண்ணாடியைச் சில்லின் முன்னால் வைத்திருக்கிறார்கள். அந்தக் கண்ணாடி இந்தச் சிவப்பில் பெரும் பகுதியைத் தடுத்து விடுகிறது. ஓரியன் ஒளி மேகம் சோகை பிடித்தது போல விழும்! இதற்காகவே கானன் கம்பெனி 2005, 2012, 2019-ம் ஆண்டுகளிலும், நிக்கான் கம்பெனி 2015-ம் ஆண்டிலும் தனிக் காமிராக்களை வெளியிட்டன. பழைய காமிராவில் அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டு விற்கிறவர்களும் உண்டு.

இரண்டாவது குறை, வெப்பம். சில்லு சூடானால், ஒளியே இல்லாவிட்டாலும் படத்தில் புள்ளி புள்ளியாக விழும். வெப்பம் சுமார் 6 டிகிரி குறைந்தால், இந்தத் தொல்லை பாதியாகும். குளிர் நாடுகளில் இது பெரிய பிரச்னை அல்ல. சித்திரை மாதத்து இரவில், 30 டிகிரி புழுக்கத்தில் படம் எடுக்கும் நமக்கு இது பெரிய பிரச்னை.

இதற்குப் பரிகாரமாக வந்தவைதான், வானத்துக்கென்றே செய்த குளிர்விக்கும் காமிராக்கள். இவை வெளி வெப்பத்தை விட 30, 35 டிகிரி கீழே சில்லைக் கொண்டுபோய் நிறுத்தும். சிவப்பைத் தடுக்கும் கண்ணாடியும் இவற்றில் இல்லை. விலைதான் அதிகம். 12 வோல்ட் மின்சாரமும், கூடவே ஒரு கம்ப்யூட்டரும் வேண்டும். நடு இரவில் கரண்ட் போனால் அவ்வளவுதான்! பாட்டரி வைத்துக் கொள்வது புத்திசாலித்தனம்.

கலரா, கறுப்பு வெள்ளையா?

கறுப்பு வெள்ளைக் காமிரா பழைய சரக்கு என்று நினைக்காதீர்கள். வான ஆராய்ச்சியில் அதற்குத்தான் மவுசு அதிகம்!

கலர்க் காமிராவில் நான்கு புள்ளிகளில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். சிவப்பு ஒளி வந்தால் நான்கில் ஒரு புள்ளிதான் வேலை செய்யும். கறுப்பு வெள்ளையில் எல்லாப் புள்ளிகளும் வேலை செய்யும். ஆனால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கண்ணாடிகளை மாற்றி மாற்றி மூன்று தடவை படம் எடுக்க வேண்டும். பணமும் நேரமும் அதிகம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குக் கலரே நல்லது.

வாங்குமுன் இதைப் பாருங்கள்!

காமிராவுக்குக் கொடுக்கும் பணத்தை முதலில் தாங்கிக்குக் கொடுங்கள். தாங்கி என்பது டெலஸ்கோப்பைச் சுமந்து, வானத்தோடு சேர்ந்து திருப்பும் சாதனம். பூமி சுற்றுவதால் நட்சத்திரங்கள் விநாடிக்கு 15 விகலை நகர்கின்றன. 1000 மில்லிமீட்டர் டெலஸ்கோப்பில், ஒரே விநாடியில் ஒரு நட்சத்திரம் சுமார் 20 புள்ளிகளைக் கடந்து கோடாகிவிடும்! தாங்கி சரியாகத் திரும்பாவிட்டால், உலகத்திலேயே உயர்ந்த காமிராவும் கோடுதான் போடும். கையால் தள்ளும் டெலஸ்கோப் வைத்திருக்கிறவர்கள் சந்திரனோடும் கிரகத்தோடும் நிறுத்திக் கொள்வது நல்லது.

இன்னொன்று. கண்ணாடி வைத்த மலிவு டெலஸ்கோப்கள் பலவற்றில், பெரிய காமிராவை மாட்டினால் படம் தெளிவாக விழாது. காரணம், பிம்பம் விழும் இடம் குழாய்க்கு மிக அருகில் இருக்கும். காமிராவின் சில்லோ வளையத்திலிருந்து 55 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி இருக்கும். எவ்வளவு திருகினாலும் அங்கே எட்டாது. வாங்குமுன் உங்கள் டெலஸ்கோப்பில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். அல்லது அதே டெலஸ்கோப் வைத்திருக்கிறவரைக் கேளுங்கள். சிறு காமிராக்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

டெலஸ்கோப் இன்னும் வாங்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. டெலஸ்கோப்பும் காமிராவும் தாங்கியும் ஒன்றாகச் சேர்ந்த சிறு சாதனங்கள் இப்போது வந்திருக்கின்றன. 2023-ம் ஆண்டில் வந்த ‘சீஸ்டார்’ அவற்றில் ஒன்று. லென்சின் விட்டம் 50 மில்லிமீட்டர். குவிய தூரம் 250 மில்லிமீட்டர். செல்போனில் உத்தரவு போட்டால், தானே தேடிப் போய்ப் படம் எடுக்கும். ஒளி மேகங்களுக்கு நல்லது. கிரகங்களுக்கு ஆகாது.

காசில்லாமல் தொடங்கலாம்

இவ்வளவையும் படித்துவிட்டு, “இது பணக்காரர் விவகாரம்” என்று ஒதுங்கிவிடாதீர்கள். முதல் காமிரா உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கிறது. டெலஸ்கோப்பில் கண் வைக்கும் இடத்தில் செல்போனை வையுங்கள். கை ஆடாமல் இருக்க ஒரு பிடிமானம் போதும். சந்திரனின் குழிகள் அழகாக விழும். சனியின் வளையம் கூடத் தெரியும். ஆறு மாதம் இப்படி எடுத்துப் பாருங்கள். உங்கள் ஆசை கிரகத்தின் பக்கமா, ஒளி மேகத்தின் பக்கமா என்பது தானே தெரிந்துவிடும். அதன் பிறகு பணத்தை எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சூரியன் பக்கம் மட்டும் டெலஸ்கோப்பைத் திருப்பாதீர்கள். குழாயின் முன்பக்கத்தில் சூரியனுக்கென்றே செய்த வடிகட்டி இல்லாவிட்டால், காமிரா கருகிவிடும். கண் போனால் திரும்ப வராது.

முடிவாக ஒன்று. எந்தக் காமிராவானாலும் சரி, ஒவ்வொரு படத்துக்கும் தேதியையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். படம் நன்றாக விழவில்லை என்று அழித்துவிடாதீர்கள். பூசோ அன்று எடுத்தவை அழகான படங்கள் அல்ல. நகரத்து வெளிச்சத்துக்கு நடுவே, சோதனைக்காக எடுத்த படங்கள். ஆனால் எந்த நேரத்தில் புள்ளி இல்லை, எந்த நேரத்தில் புள்ளி வந்தது என்பதை அவை சொல்லின. விஞ்ஞானிகளுக்கு வேண்டியிருந்தது அதுதான்.

8 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளி பூமிக்கு வந்து சேர்ந்தபோது, அதைப் பிடிக்க ஒரு பூட்டுக்காரரின் காமிரா திறந்திருந்தது. நாளை இரவு வானம் தெளிந்திருந்தால், உங்கள் காமிராவும் திறந்திருக்கட்டும்!